மைக் சார் வீட்டு வெள்ளிவிழா

பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்கிறாரே, அந்த ஆளுக்கு வீட்டில் கனிவும் கிடையாது, கவனமும் கிடையாது. ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். குரல் அப்படி. வண்டி வராது என்று அவர் சொன்னால்கூட நமக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பயல்கள், பவுலடியாரே நேரில் வந்து திட்டுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு இடத்திலும் அவருக்குப் பெயர் மைக் சார்.

வீட்டில் மைக் சார் தன் மனைவியிடம் பேசுவதில்லை. அறிவிப்பார். "இந்த வீட்ல தண்ணின்னு ஒண்ணு இருக்கா?" என்று அலமாரியைக் கேட்பார். "சில பேருக்கு உப்புன்னா என்னன்னே மறந்துபோச்சு போல" என்று மின்விசிறியிடம் சொல்வார். பிள்ளை இல்லாத விஷயம் வந்தால் மட்டும் சுவர்க் கடிகாரம். இந்த மூன்றுக்கும் வாய் இருந்திருந்தால் எப்போதோ வேலையை விட்டுப் போயிருக்கும். 'நீ' என்ற சொல் அந்த வீட்டை விட்டுப் போய் வெகு வருசம் ஆகிறது.

மாலை டூட்டி விழுகிற நாளில் கிளம்பும்போது வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கேட்டால் திருட்டு பயம். திருடன் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அந்த வீட்டில் இருந்தது ஒரு பழைய ரேடியோவும் அவளும்தான். ரேடியோ பாடாது. அவளும் பாடுவதை நிறுத்தியிருந்தாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவள் மடித்தால் ஓரம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. எதிர்முனையில் எப்போதும் நெட்டை. நெட்டைக்கு உயரம் அதிகம், வாய் அதைவிட அதிகம்.

"என்னக்கா, இன்னைக்கு எல்லாத்தையும் இடது கையாலயே பிடிக்கிற?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

நெட்டை விரிப்போடு நடந்து வந்து, முனையை வாங்குகிற சாக்கில் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். "உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா?"

மடிப்பக்கா உருளைப் பக்கம் திரும்பினாள். அடுத்த விரிப்பு வந்தது.

"விட்டுட்டு வாயேன்கா. எங்க வீட்ல பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. எம்புருசன் குறட்டை விடுவான், அது ஒண்ணுதான் தொல்லை."

"உனக்குப் புரியாதுடி. இது கடவுள் ஒட்டினது."

"எந்தப் பசையாம்? நம்ம ஆஸ்பத்திரி பிளாஸ்திரி குளிச்சா பிச்சுக்குது. அங்க வாங்கச் சொல்லலாம்."

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விரிப்பு கோணும். கோணியது. உதறி மறுபடி மடித்தார்கள்.

ஆனால் கடவுள் ஒட்டினது என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினாள். விடியற்காலைப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் வந்து முழங்காலில் நிற்பாளே, அந்தக் கொஞ்ச நேரம் யாரோ அவளை நேராகப் பார்த்து நீ என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவளுக்கு இருந்த ஒரே வீடு அதுதான். புருசனை விட்டு வந்தவளுக்கு நன்மை கிடையாது என்று சின்ன வயதில் யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று ஞாபகமில்லை. சொன்னது மட்டும் இரும்பு மாதிரி உள்ளே கிடந்தது. அந்த வீட்டை விட்டால் இந்த வீடும் போய்விடும். அப்புறம் எங்கே போய் நிற்பது?

இத்தனைக்கும் கல்யாணத்தன்று அவள் ஒழுங்காகச் சம்மதம்கூடச் சொல்லவில்லை. முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறாயா என்று சாமியார் கேட்டபோது அவள் அவருடைய செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்துபோகிற மாதிரி இருந்தது. அம்மா பின்னாலிருந்து முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அவள் சொன்னது 'ஆ'. 'ம்' சாமியாரே போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வாசித்த வாசகத்தில், இனி இவர்கள் இருவரல்ல, ஒரே உடல் என்று வந்தது. அதை மட்டும் கவனமாகக் கேட்டாள். கேட்டதுதான் வினையாகப் போயிற்று. ஒரே உடல் என்றால் கை அவருடையதாக இருந்தால் என்ன, வாய் தன்னுடையதாக இருந்தால் என்ன? கை செய்த பாவத்தை வாய்தானே போய்ச் சொல்ல வேண்டும்? மைக் சாரோ சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்தின் பக்கம் தலைவைப்பதில்லை. மனிதர் பாவத்தோடு செத்துப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கவலை. ஆகவே மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் முழங்காலிட்டு, அவர் பாவங்களை எல்லாம் அவளே ஒப்புவித்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொண்ட பழைய பங்குச்சாமியாருக்கு ஒரு காது கேட்காது. தொட்டிக்குள் அவள் பக்கம் இருந்தது அந்தக் காதுதான்.

"தட்டை எறிஞ்சது சாமி. கெட்ட வார்த்தை சொன்னது. வீட்டு ஆளை ஆளாவே மதிக்காதது."

"மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு. பாவம்மா அந்த மனுசன். என்ன அருமையா வாசிக்கிறாரு. அவர் மேல தட்டை எறியாத."

"சரி சாமி."

பக்கத்து பெஞ்சுக்காரன் அடித்த கூத்துக்கு இவள் வெயிலில் முட்டி போட்ட கதை. எழுந்து போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொல்வாள். சொல்லிவிட்டு உபரியாக ஒன்று. அது தனக்கு.

பழைய சாமியார் மாற்றலாகிப் போய், இளைஞர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரைச் சின்னச் சாமி என்றார்கள். அவர் வந்ததும் ஒரு யோசனை சொன்னார். கல்யாணமாகி இருபத்தைந்து வருசமான தம்பதிகள் எல்லோரும் ஒரு ஞாயிறு பூசையில் பீடத்துக்கு முன்னால் வந்து, கைகோத்து, திருமண வாக்குறுதியை மறுபடி சொல்ல வேண்டும். தம்பதிகளின் பெயரைப் பூசை முடிவில் மைக் சார் வாசித்தார். கடைசியாகத் தன் பெயரையும் மனைவி பெயரையும் வாசித்தபோது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. கோயிலே கைதட்டியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மடிப்பக்காவுக்கு அப்போதுதான் தெரியும். வண்டி எந்த மேடையில் வரும் என்று பயணிகளோடு பயணியாகக் கேட்டுக்கொண்ட மாதிரி.

வீட்டில் அன்று மத்தியானம் மின்விசிறிக்கு அறிவிப்பு. "ஞாயித்துக்கிழமை சில பேர் ஒழுங்கா சேலை கட்டிட்டு வரணும். மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு மானத்த வாங்கக் கூடாது."

முதல் வாக்குறுதியைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. அப்போது தெரியாமல் சொன்னாள், சொன்னதற்காக இருந்தாள். ஆனால் இனிமேலும் உனக்கு உண்மையாக, பிரமாணிக்கமாயிருப்பேன், உன்னை நேசிப்பேன், மதிப்பேன் என்று எல்லாம் தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது? அதுவும் அந்த இடத்தில். அவளை நேராகப் பார்க்கிற ஒரே ஆளிடம் பொய்யா? சொல்லாமல் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று மணிக்கட்டுக்குத் தெரியும்.

வெள்ளிவிழாவுக்கு முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். மடிப்பக்காவும் வரிசையில் நின்று தொட்டிக்குப் போனாள்.

"தட்டை எறிஞ்சது சாமி. கெட்ட வார்த்தை சொன்னது. ஒரு ஆளோட கையைப் பிடிச்சு முறுக்கினது."

சின்னச் சாமிக்கு இரண்டு காதும் கேட்கும். "யாரோட கையை?"

"என்னோட கையை."

வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலை இவள் பக்கம் திரும்பியது. "உங்க கையை நீங்களே எப்படிம்மா முறுக்குவீங்க?"

"நான் இல்ல சாமி. வீட்டுக்காரரு."

"அப்ப இது யாரு பாவம்?"

"நாங்கதான் ஒரே உடல் ஆச்சே சாமி."

சின்னச் சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை வருசமா இப்படிச் சொல்லிட்டிருக்கீங்க?"

"கல்யாணத்துலருந்து."

"பரிகாரம்?"

"எல்லாம் சொல்லிட்டேன் சாமி. பாக்கி இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "அம்மா, அவர் பாவத்தை அவர்தான் சொல்லணும். நீங்க உங்களோடத சொல்லுங்க."

அவள் யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள். கடிகாரத்தைத் துடைக்கும்போது கீழே போடலாமா என்று ஒருமுறை நினைத்தது உண்டு. அது பாவமா தெரியவில்லை.

"இனிமே ஒண்ணு வருது சாமி. ஞாயித்துக்கிழமை பீடத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லணும். அதுக்கு இப்பவே மன்னிப்பு வாங்கிக்கலாமா?"

"முன்பதிவு எல்லாம் இங்க கிடையாதும்மா." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும், குரல் இறங்கிவிட்டது. "என்ன பொய்?"

"நேசிப்பேன்னு."

பின்னால் வரிசையில் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள். சின்னச் சாமி முகத்தை வலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கேளுங்க. கல்யாணத்தை யாராலயும் அவிழ்க்க முடியாது. ஆனா கையை முறுக்குற ஆளோட ஒரே வீட்ல இருந்தே ஆகணும்னு திருச்சபை சொல்லல. பிரிஞ்சு இருக்கலாம். அதுக்கப்புறமும் நன்மை வாங்கலாம்."

"வாங்கலாமா?"

"வாங்கலாம்."

இரும்பு மாதிரிக் கிடந்ததை ஒருவர் பேப்பர் மாதிரி எடுத்துவிட்டார். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை இவ்வளவு நாள் யாரும் ஏன் சொல்லவில்லை?

"அப்ப என் பேரை எடுத்துடுங்க சாமி. ஞாயித்துக்கிழமைக்கு நான் வரல."

"அதைத்தான் என்னால செய்ய முடியாது." பெருமூச்சு வலையைத் தாண்டி வந்தது. "இதையெல்லாம் நீங்க தொட்டிக்குள்ள சொல்லிட்டீங்க. இங்க கேட்டதை வச்சு வெளியில நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. உங்ககிட்டயே நானா பேச்செடுக்கக் கூடாது. வெளியில வந்து இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. புதுசா சொல்ற மாதிரி. அப்புறம் பாத்துக்கறேன்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் தொட்டிக்கு எதிரிலேயே மைக் சார் நின்றுகொண்டிருந்தார், ஒலிபெருக்கி கம்பியைச் சுற்றியபடி. "அடேயப்பா, எவ்வளவு நேரம்! அவ்வளவு பாவமா?" என்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தேன் குரலில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பூசை முடிந்து சின்னச் சாமி வாசலில் நின்றார். அவளைப் பார்த்ததும் முகத்தைக் கழுவி வைத்த சிலேட்டு மாதிரி ஆக்கிக்கொண்டார். "நல்லாருக்கீங்களாம்மா?" அவ்வளவுதான் கேட்டார். ஆனால் நகராமல் நின்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் மைக் சார்தான். ஊர் அதையும் மெச்சியது.

"போன் பண்ணுக்கா" என்றாள் நெட்டை, விஷயத்தைக் கேட்டுவிட்டு. "தொட்டிக்குள்ள சொன்னா செல்லாது, வெளிய சொன்னாத்தான் செல்லுமா? நம்ம சூப்பர்வைசரைவிட மோசமா இருக்கே உங்க சட்டம்."

சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில் நெட்டை காவல் நிற்க, மடிப்பக்கா சலவைக்கூடத்து போனில் கோயிலின் பங்கு அலுவலக எண்ணைச் சுழற்றினாள். எடுத்தார்கள்.

"வணக்கம், பங்கு அலுவலகம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி செய்யணும்?"

மைக் சார். விழா வேலைக்கு உதவ உட்கார்ந்திருக்கிறார். யாரென்று தெரியாமல், அவ்வளவு அன்பாக, நேராக அவள் காதுக்குள் பேசினார்.

"சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. மெதுவா சொல்லுங்க."

அவள் போனை வைக்க வேண்டும். வைக்கவில்லை. உருளை ஓடுகிற சத்தத்தில், காதை அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் "ஹலோ, ஹலோ" என்று கனிவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதைக் கேட்டாள். கடைசியில் அவரே வைத்தார்.

"சாமி என்ன சொன்னாரு?" என்றாள் நெட்டை. மடிப்பக்காவின் முகத்தைப் பார்த்தாள். அன்று முழுவதும் கனமான போர்வைகளை எல்லாம் நெட்டையே தூக்கினாள்.

சனிக்கிழமை ஒத்திகை. எல்லாம் முடிந்து, சின்னச் சாமி கோயில் கூரையைப் பார்த்து, "யாருக்காவது தனியா என்கிட்ட ஏதாவது பேசணும்னா இப்ப பேசலாம்" என்றார். கூரையில் ஒரு புறா இருந்தது. அதற்குப் பேச ஒன்றுமில்லை. மைக் சார் உடனே மைக்கைப் பிடித்து அதையே இன்னும் அழகாக ஒருமுறை அறிவித்துவிட்டு, வந்து மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்கு ஜோடிப்பொருத்தம். உள்ளே கட்டைவிரல் பழைய இடத்திலேயே அழுந்தியது.

ஞாயிறு வந்தது. ஐந்து ஜோடிகள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மற்றவர்கள் அழுதும் சிரித்தும் வார்த்தை மறந்தும் சொல்லி முடித்தார்கள். வயதாகிக் கல்யாணம் கட்டிய ஒரு தாத்தா மனைவியின் பெயரையே மறந்து "இவளை" என்றார், கோயில் குலுங்கியது. கடைசியில் மைக் சார்.

அவர் வலது கையால் அவள் கையைப் பிடித்தார். இடது கையால் மைக்கைப் பிடித்தார். மனைவி பக்கம் திரும்பவில்லை. மைக் பக்கம் திரும்பினார். உன்னை நேசிப்பேன், உன்னை மதிப்பேன் என்று மைக்கைப் பார்த்தே சொன்னார். குரல் தூண்களைச் சுற்றி வந்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மைக் அவளிடம் வந்தது. அவள் அதுவரை மைக் பிடித்ததில்லை. கனமாக இருந்தது. அவளும் அவரைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தாள், விடியற்காலையில் பார்க்கிற மாதிரி.

"இன்பத்திலும் துன்பத்திலும்" என்று ஆரம்பித்தாள். நோயிலும் நலத்திலும் வரை தடையில்லாமல் வந்தது. அங்கே ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"உனக்குப் பிரமாணிக்கமாயிருந்தேன்."

அதோடு நிறுத்தினாள். நேசிப்பேன், மதிப்பேன் எல்லாம் மிச்சம் இருந்தது. சொல்லவில்லை. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. வாக்குறுதி சொல்லச் சொன்னால் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டாள் என்பது கோயிலில் பாதிப் பேருக்கு உறைக்கவில்லை. பாடற்குழுவுக்கு அறவே உறைக்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டை எடுத்துவிட்டார்கள். மைக் சார் மைக்கைத் திரும்ப வாங்கினார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

பூசை முடிந்து வராந்தாவில் தேநீர். சின்னச் சாமி பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தார். தொட்டிக்குள் கேட்டது எதையும் அவர் தொட முடியாது. இதை ஊரே கேட்டிருக்கிறது.

"அம்மா, 'இருந்தேன்'னு சொன்னீங்க."

"வாய் குளறிடுச்சு ஃபாதர்" என்று மைக் சார் சிரித்தார். "மைக் பழக்கம் இல்லாதவங்களுக்கு அப்படித்தான் ஆகும்."

சின்னச் சாமி அவர் பக்கம் திரும்பவில்லை. "உங்ககிட்டதான்மா கேக்கறேன். இங்க, வெளியில நின்னு கேக்கறேன்."

அவளுக்குப் புரிந்தது. கையில் இருந்த தேநீர்க் கோப்பையைத் திண்ணையில் வைத்தாள்.

"குளறல சாமி. இனிமே இருப்பேன்னு என்னால சொல்ல முடியல."

"சரி. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துல, ஆபீசுக்கு வாங்க. எங்க தங்கறது, என்ன செய்யறதுன்னு பேசுவோம்."

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு டூட்டி ஃபாதர்" என்றார் மைக் சார். இப்போதும் தேன்தான், கொஞ்சம் கெட்டியான தேன்.

"உங்களக் கூப்பிடல" என்றாள் அவள்.

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற தாத்தா மனைவியிடம், "இவ என்ன சொன்னா?" என்று உரக்கக் கேட்டார். "சும்மா டீயைக் குடிங்க" என்றாள் அந்த அம்மாள்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். மைக் சார் முன்னால், அவள் பின்னால். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அவர் கையெடுத்துக் கும்பிட்டு வாழ்த்து வாங்கிக்கொண்டார். நெட்டை வீட்டுக்குப் பிரிகிற சந்து வந்தது. அவள் நின்று பார்த்தாள். வேலைக்குப் போடுகிற செருப்பும் மாற்றுச் சேலையும் வீட்டில். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. போகலாம் என்று தெரிந்த காலுக்கு எப்படிப் போவது என்று இன்னும் தெரியவில்லை. அவர் முனையில் நின்று சாவியை எடுத்து ஆட்டினார். அவள் போனாள்.

உள்ளே வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியிடமும் மின்விசிறியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பிடித்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் திங்கட்கிழமை முழுசாகக் கிடந்தது.